ஏழாவது

நாங்கள் பதினேழு பேர்.
எஃப் வரிசை முழுக்க எங்களுடையது.
பிறைத் துறைமுகத்தில் அவரோடு லாரி ஓட்டும் அஸ்மான், அவன் மனைவி,
கீழ்வீட்டு கோ ஆன்ட்டி, நாத்தனார் பிள்ளைகள்,
ஏழு மாதமாய் என்னோடு பேசாத தம்பி கூட.
டிக்கெட்டுக்கு மட்டும் முந்நூற்று நாற்பது வெள்ளி.
அவருக்குக் கிடைத்தது நாளைக்கு நூற்றிருபது, மூன்று நாள்.
மீதி இருபதைப் பாப்கார்ன் தின்றது.

போன வருஷம் படகுத்துறைப் பக்கம்
தார் ரோட்டில் லாரி லாரியாய் மண் கொட்டினார்கள்.
விளக்குக் கம்பங்களுக்கு மரப்பட்டை சுற்றினார்கள்.
ஜார்ஜ்டவுன் மூன்று நாளைக்கு வேறு ஏதோ நாடு.
எந்த நாடு என்று அவருக்கும் சொல்லவில்லை.
ஒரு தலைப்பாகை,
துவைத்தும் உடம்பைவிட்டுப் போகாத சாயச் சட்டை,
"சுட்டதும் விழு."
பதினோரு தடவை விழுந்தார்.
எதைப் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான்
இத்தனை பேரும் வந்திருந்தோம்.

முதல் பாலைவனத்துக்கே பின்னால் ஒருவன் "அலாமாக்" என்றான்.
ரயிலும் பாலமும் சேர்ந்து ஆற்றில் சரிந்தபோது
கோ ஆன்ட்டி மடியெல்லாம் சோளப்பொரி.
முத்தத்தை வெட்டியிருந்தார்கள்:
உதடுகள் நெருங்கின,
மறு நொடி இருவரும் குதிரைமேல்.
இளவட்டங்கள் ஊளையிட்டன.
"ஆறு குண்டுத் துப்பாக்கியில ஒம்பது சுட்டுட்டான்"
என்றான் தம்பி இருட்டில்.
ஏழு மாதம் கழித்து அவன் பேசிய முதல் வாக்கியம்.
"பத்து," என்றேன்.

கப்பல் கரைசேர்ந்தது.
அந்த நீல ஜன்னல். சாவிக்கடை இருந்த மூலை.
தொப்பிக்காரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுட்டான்.

இரண்டே நொடி.
கால் கூடையில் சிக்கி
முகம் மீன் குவியலுக்குள்,
தலைப்பாகை தனியே உருண்டு கேமராவரை வந்தது.

"பன்னீரு!" என்று வரிசையே எழுந்து கத்தியது.
மற்றவர்களும் எங்களோடு சேர்ந்து கத்துகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.
அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.
அரங்கம் முழுக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.
புருஷன் செத்ததற்கு
உள்ளங்கை சிவக்கக் கைதட்டினேன்.
அவர் திரையைப் பார்க்கவில்லை.
திரும்பி உட்கார்ந்து
பின்வரிசை முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிற்பாடு குதிரை செத்தது.
மழையில், நான்கு நிமிடம், வயலினோடு.
பாப்கார்ன் மெல்லும் சத்தம்கூட நின்றுபோனது.
அஸ்மான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
"குதிரை செத்துடுச்சாம்மா?" என்றது ஒரு பிள்ளை,
மலாயிலும் அதே கேள்வி, சீனத்திலும்.
தூங்குது என்று மூன்று பாஷையிலும்
தாய்மார் ஒரே பொய்யைச் சொன்னார்கள்.
நானும் அழுதேன். மறைப்பானேன்.
ஏர்கோன் குளிருக்கென்று அவர் எடுத்துவந்து போர்த்திய ஜாக்கெட்டில்தான்
மூக்கைத் துடைத்தேன்.

கார்நிறுத்தக் கட்டணத்துக்கு நீள வரிசை.
இருபது கோடி டாலராம், மண்ணுக்கே பாதி போயிருக்கும் என்றார் ஒருவர்.
குதிரைக்கு விருது கொடுக்கணும் என்றாள் அவர் மகள்.
பள்ளிக்கூடச் சட்டையில் ஒரு பையன்
"அந்தத் தலைப்பா ஆளு" என்று
பளிங்குத் தரையில் விழுந்து காட்டினான்.
கூட்டாளிகள் மறுபடி விழச் சொன்னார்கள்.
விழுந்தான்.
ஒரு கை தூரத்தில் இவர்,
சில்லறையை எண்ணியபடி.

பாகான் ஆஜாம் சிவப்பு விளக்கில்
காடி நின்றபோதுதான் வாயைத் திறந்தார்.
"அது ஏழாவது."

"எது?"

"மத்த பத்தும் நல்லாத்தான் விழுந்தேன்.
ஏழாவதுல நெசமாவே கால் மாட்டிக்கிச்சு."

கியரிலிருந்த கை இறங்கி
இடது மூட்டின்மேல் உட்கார்ந்தது.
லாரி கிளட்ச்சால் வந்த வலி என்று
ஒரு வருஷமாய் நான் தைலம் தேய்க்கும் மூட்டு.

சிக்னல் விழுந்தது.
பின்னால் ஹார்ன் அடித்தார்கள்.